‘ரெண்டு தட்டு போதும்’ என்கிறார் கணவர்!

வெளிநாட்டுக் குடித்தனம்: வாசகர் கேள்விகள், நங்கநல்லூர் அக்கா பதில்கள்

1988-லிருந்து 2011 வரை மஸ்கட்டில் நான் குடித்தனம் நடத்திய கதையைப் போன இதழில் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களைப் பார்த்தால், ஊரில் இருக்கிறவர்களைவிட ஊரை விட்டுப் போனவர்கள்தான் அதிகம் படிக்கிறார்கள் போலிருக்கிறது. பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டேன். மாமியார் கண்ணில் பட்டுவிடக் கூடாதே!

கேள்வி: கல்யாணமாகி எட்டு மாதம் ஆகிறது. கணவருக்கு ஸ்டுட்கார்ட்டில் வேலை. “ரெண்டு வருஷ கான்ட்ராக்ட், போகும்போது எதையும் தூக்கிட்டுப் போக முடியாது” என்று சொல்லிச் சொல்லியே எதையும் வாங்க விடுவதில்லை. தரையில் மெத்தை. இரண்டு தட்டு, ஒரு குக்கர், ஒரு வாணலி. சம்பளத்தில் பெரும்பகுதி பள்ளிக்கரணையில் புக் பண்ணியிருக்கும் ஃப்ளாட்டுக்குப் போகிறது. மேல் வீட்டு ஜெர்மன் பாட்டியைச் சாப்பிடக் கூப்பிட வேண்டும் என்று ஆசை; மூன்றாவது தட்டு இல்லை. வீடு வீடாக இருக்க வேண்டும் என்று கேட்டால் நான் ஆடம்பரக்காரியா அக்கா? (வாசகி, ஸ்டுட்கார்ட்)

பதில்: நீ ஆடம்பரக்காரியும் இல்லை, உன் வீட்டுக்காரர் கஞ்சனும் இல்லை. அவர் என் வீட்டுக்காரர் மாதிரி, அவ்வளவுதான். அதனால் என் கதையை உனக்குச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நாங்கள் மஸ்கட் போனதும் “ரெண்டு வருஷம்” என்றுதான். டி.வி. வந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, மேலே என் பழைய சின்னாளப்பட்டிப் புடவையை மடித்துப் போட்டால் டீப்பாய். அந்த டீப்பாய் நாலு வருஷம் இருந்தது. 1992-ல் மனது வந்து ஒரு சோபா வாங்கினார். கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கக் கூடாது என்று உத்தரவு. “ஊருக்குக் கொண்டுபோகும்போது புதுசா இருக்கட்டும்.” மஸ்கட் வெயில் தெரியும்தானே? ஏ.சி. நின்ற பத்தாவது நிமிஷம் காலெல்லாம் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். எழுந்தால் சர்ர்ரென்று தோல் உரிகிற மாதிரி சத்தம் வரும். என் பெண் அதற்கு ‘பல்லி சோபா’ என்று பெயர் வைத்தாள்.

அதே சமயம் இங்கே நங்கநல்லூரில் ஒரு ஃப்ளாட். ஒவ்வொரு லீவுக்கும் வருவோம், பாண்டிபஜார் போவோம், நல்ல சாமானாக வாங்குவோம், தினத்தாளில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டுப் பூட்டிக்கொண்டு விமானம் ஏறுவோம். இருபத்தொரு எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டு, என் பெயர் வெட்டியது. அதில் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. மஸ்கட்டில் சாப்பிட்டது ஓரம் பெயர்ந்த ஆறு மெலமைன் தட்டில்.

2007 ஜூனில் கோனு புயல் வந்தது. அப்போது எங்கள் வீடு வாடி கபீரில், மூன்றாவது மாடி. வாடி கபீர் என்றால் அரபியில் பெரிய ஓடை. பெயரிலேயே சொல்லிவிட்டார்கள், நாம்தான் கவனிப்பதில்லை. கீழ்வீட்டில் இடுப்பளவு தண்ணீர். அங்கே இருந்த திருச்சூர்க் குடும்பமும் பக்கத்துப் போர்ஷன் ராமநாதபுரத்துப் பையன்கள் இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்கு ஏறி வந்துவிட்டார்கள். மொத்தம் பதினோரு பேர். குழாயில் தண்ணீர் நின்றுபோனது. கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் நிலையமே பாதிக்கப்பட்டால் அந்த ஊரில் வேறு வழி கிடையாது. இருந்ததோ ஆறு தட்டு. அதை மாற்றி மாற்றிக் கழுவவும் தண்ணீர் இல்லை. குக்கர் மூடியில், டிபன் பாக்ஸ் மூடியில், கடைசியில் காலண்டர் அட்டையில் எல்லாம் சோறு போட்டேன். நங்கநல்லூர்ப் பரணில் இருபத்தொரு தட்டு தூங்குகிறது!

அன்று ராத்திரி கீழ்வீட்டுக் குழந்தைகள் இரண்டும் ஈரத்தோடு அந்தச் சோபாவில் படுத்தன. பிளாஸ்டிக் குளிர்ந்து உறுத்தியது போல, சின்னது அழுதது. என் வீட்டுக்காரர் எழுந்தார். சமையலறைக் கத்தியை எடுத்துவந்து உறையை ஒரு முனையிலிருந்து கிழித்தார். பதினைந்து வருஷத்துக்கு அப்புறம் சோபாவின் நிறத்தையே அன்றுதான் பார்த்தேன். பழுப்பு என்று நினைத்திருந்தேன், பச்சை.

2011-ல் திரும்பிவந்து பரணைப் பிரித்தோம். குக்கர் காஸ்கெட் தொட்டதும் பொடிந்தது, திரைச்சீலை மடிப்பில் எல்லாம் விண்டுவிட்டது. தட்டு மட்டும் அப்படியே இருந்தது. பிள்ளைகள் இரண்டும் அப்புறம் ஒவ்வொன்றாகத் தனித்தனி ஊருக்குக் கிளம்பிவிட்டன. இப்போது அந்தத் தட்டில் நாங்கள் இரண்டு பேர் சாப்பிடுகிறோம். உன் கடிதத்தில் ‘ரெண்டு தட்டு’ என்று படித்ததும் சிரிப்பு வந்தது, வந்தது சிரிப்பு மட்டும் இல்லை.

சரி, காரியத்துக்கு வருவோம். ஸ்டுட்கார்ட் எனக்குத் தெரியாது. 2017-ல் அண்ணன் மகளோடு மியூனிக்கில் மூன்று மாதம் இருந்திருக்கிறேன், விசா அதற்குமேல் தர மாட்டார்கள். அங்கே பல வாடகை வீடுகளில் சமையலறை என்று காட்டுவது நாலு சுவரும் ஒரு குழாயும்தான். அலமாரி, அடுப்பு, பாத்திரத் தொட்டி வரைக்கும் முந்தைய குடித்தனக்காரர் கழற்றிக்கொண்டு போயிருப்பார், இல்லையென்றால் நம்மிடம் விலைக்குத் தருவார். இதில் ஒரு பாடம் இருக்கிறது, உன் வீட்டுக்காரரிடம் சொல். இரண்டு வருஷம் இருக்கப்போகிற ஜெர்மன்காரனே சமையலறையை வாங்கி மாட்டி, போகும்போது விற்றுவிட்டுப் போகிறான். பழைய சாமான் வாங்குவதும் விற்பதும் அங்கே கௌரவக் குறைச்சல் இல்லை. போட்ட பணத்தில் பாதி திரும்பிவரும் என்று கணக்குப் போட்டுக் காட்டினால் ஆண்கள் கேட்பார்கள். உணர்ச்சியைக் காட்டினால் லேப்டாப்பைத் திறந்துவிடுவார்கள்.

முதலில் மேசையும் நாலு நாற்காலியும் வாங்கு. கட்டில் அப்புறம். தரையில் படுத்து யாரும் கெட்டுப்போனதில்லை, ஆனால் அந்த ஊர்ப் பாட்டியைத் தரையில் உட்கார வைக்க முடியாது. தட்டு ஆறு. சாமான் வந்த பிறகு கூப்பிடலாம் என்று இருக்காதே. முதலில் பாட்டிக்குத் தேதி சொல்லிவிடு. சாமான் தானாக வந்துவிடும்.

கிரைண்டர் ஊரிலிருந்து தாராளமாகக் கொண்டுபோகலாம். அங்கேயும் இங்கேயும் அதே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நம் மூன்று முள் பிளக் அங்கத்திய குழிக்குள் போகாது. எர்த் வருகிற நல்ல அடாப்டராகப் பார்த்து வாங்கு. (அமெரிக்காவில் இருக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். அங்கே 120 வோல்ட். என் சித்தி பெண் கோயம்புத்தூர்க் கிரைண்டரை நியூஜெர்சிக்குச் சுமந்துபோனாள். அது சுற்றாமல் உறுமிக்கொண்டு நின்றது.) ஆனால் ஞாயிற்றுக்கிழமை அரைக்காதே. அந்த ஊரில் ஞாயிறு முழுக்கவும், மற்ற நாள் ராத்திரி பத்து மணிக்கு மேலும் சத்தம் போடக் கூடாது. கீழ் வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிட்டாலும் ஆச்சரியம் இல்லை. சனிக்கிழமை பகலில் அரைத்து வைத்துவிடு.

தாளிக்கும்போது கோட்டெல்லாம் இருக்கிற அறைக் கதவைச் சாத்திவிடு. சாம்பார் வாசனை கம்பளிக்குள் போனால் ஆபீஸ் வரைக்கும் வரும். சோறு வடித்த ஆவி வெளியே போகக் குளிராக இருந்தாலும் பத்து நிமிஷம் ஜன்னலை முழுசாகத் திற. இல்லையென்றால் சுவர் மூலையில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும், வீட்டுச் சொந்தக்காரர் உன் டெபாசிட்டில் கைவைப்பார்.

கடிதத்தின் ஓரத்தில் ஒன்று எழுதியிருந்தாய்: வாரம் ஒரு வீடு என்று முறை வைத்து மாடிப்படியும் நடையும் பெருக்கித் துடைக்க வேண்டும், முறை வந்தால் கதவில் அட்டை தொங்கும், அவமானமாக இருக்கிறது என்று. ஸ்டுட்கார்ட் பக்கத்து வழக்கம் அது, ‘கேர்வோகே’ என்பார்கள். இதில் என்னம்மா அவமானம்? காலையில் எழுந்து வாசல் பெருக்கித் தெளிக்கிற ஊரிலிருந்து போனவள் நீ. உன் முறை வருகிற வாரம் பெருக்கி முடித்ததும் உன் கதவுக்கு முன்னால் மட்டும் சின்னதாக ஒரு நாலு புள்ளிக் கோலம் போட்டுப் பார். அழித்துவிடச் சொன்னால் அழித்துவிடலாம். பாட்டி நின்று கேட்டால் அதுதான் அழைப்பு.

கேள்வி: எடின்பரோவில் இருக்கிறோம். ஆறு மாதமாக இட்லி மாவு பொங்கவே இல்லை. ஊரிலிருந்து அம்மா வீடியோவில் திட்டுகிறார். (வாசகர், ஆண்தான்!)

பதில்: மாவு அரைக்கிற ஆண்பிள்ளை என்பதால் வரிசையில் முன்னால் இடம் கொடுத்துவிட்டேன்.

அம்மாவுக்குக் குளிர் தெரியாது. நங்கநல்லூரில் மாவு பொங்குகிறது என்றால் அதில் நம் சாமர்த்தியம் கொஞ்சம், சென்னைப் புழுக்கம் நிறைய. உங்கள் அடுப்போடு ஓவன் இருக்கும், அதற்குள் ஒரு விளக்கும் இருக்கும். ஓவனைப் போடாமல் விளக்கை மட்டும் போட்டு அரை மணி விட்டுக் கையை உள்ளே வைத்துப் பாருங்கள். ஏப்ரல் மாதத்து மொட்டைமாடி அறை மாதிரி இதமாக இருந்தால் பாத்திரத்தை வைக்கலாம். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும், அவசரப்படாதீர்கள். சில பழைய பிரிட்டிஷ் வீடுகளில் சுடுதண்ணீர்த் தொட்டி இருக்கும் அலமாரி ஒன்று உண்டு. துணி காயப்போடுவார்கள். அது ஓவனைவிட உத்தமம்.

உளுந்தோடு ஒரு ஸ்பூன் வெந்தயம் ஊறப்போடுங்கள். அரிசி அரைக்கும்போது ஒரு கைப்பிடி அவல். உப்பைப் பொங்கிய பிறகு போடுங்கள். வெயில் ஊரில் மாவு புளிக்காமல் இருக்கத்தான் முன்னாலேயே உப்பு. குளிரில் அதே உப்பு பொங்குவதைத் தடுக்கும். மிக்ஸியில் அரைத்தால் ஐஸ் தண்ணீர் விடுங்கள். சூடேறிய உளுந்து பொங்காது. கரைப்பதைக் கையால்தான் செய்ய வேண்டும். கரண்டி ஆகாது.

இன்னொன்று. ஓவன் குமிழ்மேல் ‘உள்ளே மாவு’ என்று ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள். அண்ணன் மகள் வீட்டில் நான் வைத்த மாவு தெரியாமல், அவள் கணவர் பீட்சாவுக்காக ஓவனை 220-க்குச் சூடு பண்ணிவிட்டார். பாத்திரம் அளவுக்கு ஒரே இட்லி வந்தது. வெளியே கருப்பு, உள்ளே பச்சை மாவு.

கேள்வி: குவைத்தில் மகள் பிறந்து நாலு மாதம். பெயர் சூட்டலை ஊரில் வைத்துக்கொண்டு, பாஸ்போர்ட் வேலையையும் பிறப்புப் பதிவையும் சென்னையிலேயே முடித்துக்கொள்ளலாம் என்கிறார் மாமனார். சரியா?

பதில்: சரியில்லை. பாஸ்போர்ட் இல்லாமல் குழந்தையை விமானத்தில் எப்படி ஏற்றுவீர்கள்? 2004 டிசம்பருக்குப் பிறகு வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு, அப்பாவோ அம்மாவோ இந்தியர் என்பதாலேயே குடியுரிமை தானாக வந்துவிடாது. பிறந்த ஒரு வருஷத்துக்குள் அந்த நாட்டு இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும், குழந்தைக்கு வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்றும் எழுதிக்கொடுக்க வேண்டும். வருஷம் தாண்டினால் மத்திய அரசின் அனுமதி கேட்டு அலைய வேண்டும். அந்த நாட்டுப் பிறப்புச் சான்றிதழில் பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். நம் ழகரமும் ளகரமும் அரபியில் எழுதி ஆங்கிலத்துக்குத் திரும்பும்போது வேறு ஆளாகிவிடும். பெயர் சூட்டல் தொட்டிலோடு மாமனார் ஊரில் காத்திருக்கட்டும், அவசரமில்லை.

கேள்வி: தோஹாவில் இருக்கிறோம். ஏழு வயது மகன் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். தாம்பரத்தில் இருக்கும் என் அம்மா போனை வாங்கி “சாப்டியாடா” என்று கேட்டு, “யெஸ் பாட்டி” வந்ததும் என்னிடமே கொடுத்துவிடுகிறார். மனசு வலிக்கிறது.

பதில்: தம்பி, “சாப்டியா” என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் ஒரே வார்த்தையில்தான் பதில் சொல்லும், தமிழ்ப் பிள்ளையும்கூட. குற்றம் கேள்வியில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலையில் மஸ்கட்டில் என் ஹாலில் பதினோரு பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன், பத்து வருஷத்துக்கு மேல். (அப்போது அங்கே வியாழன், வெள்ளி லீவு; 2013-ல்தான் வெள்ளி, சனி ஆனது.) அ, ஆ எழுத வைத்த முதல் வருஷம் படுதோல்வி. எல்லாப் பிள்ளையும் கடிகாரத்தைப் பார்த்தன. அடுத்த வருஷம் ஒரு வேலை கொடுத்தேன். ரூவி கடைக்குப் போகிற சாமான் லிஸ்ட்டைத் தமிழில் நான் சொல்வேன், அவர்கள் எழுத வேண்டும். எழுதாத சாமான் வாங்க மாட்டேன். ஒரு பையன் ‘முறுக்கு’ எழுத மூன்று வாரம் போராடினான். ‘முருக்கு’ என்று எழுதினால் நான் வாங்க மாட்டேன். வல்லின றகரம் அன்றைக்கு உள்ளே போனது இன்றுவரை வெளியே வரவில்லை என்று இப்போது மெல்போர்னிலிருந்து எழுதுகிறான்.

உங்கள் அம்மாவிடம் ஒரு வேலையைக் கொடுங்கள். பேரனுக்குத் தினம் ஐந்து நிமிஷம் கதை. ஆனால் முடிக்கக் கூடாது. பேய் கிணற்றடிக்கு வந்ததும் “மிச்சம் நாளைக்கு” என்று வைத்துவிட வேண்டும். மறுநாள் அவனே கூப்பிடுவான். தெரிந்துகொள்ள வேண்டிய அவசரம் வந்தால் மொழி தானாக வரும். நீங்கள் நடுவில் நின்று மொழிபெயர்க்காதீர்கள். அதுதான் நம் வீடுகளில் நடக்கிற பெரிய தப்பு.

எழுதப் படிக்க முறையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றால், 2001-ல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகம் கோட்டூர்புரத்தில் இருக்கிறது. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கென்றே மழலைப் பாடத்திலிருந்து சான்றிதழ்ப் படிப்பு வரை இணையத்தில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அப்போதே இது தெரிந்திருந்தால் லீவுக்கு லீவு பாடப்புத்தகம் சுமந்திருக்க மாட்டேன். நாளைக்கே சென்னை திரும்பிப் பள்ளியில் சேர்க்கிற எண்ணம் இருந்தாலும் இப்போதே ஆரம்பியுங்கள். 2006-ல் சட்டம் வந்த பிறகு இங்கே பத்தாம் வகுப்பு வரை தமிழ் படிப்படியாகக் கட்டாயப் பாடம் ஆகிவிட்டது. ஏழாம் வகுப்பில் வந்து ‘அ’ எழுதுகிற பிள்ளையின் கஷ்டத்தை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: மகளின் பிரசவத்துக்கு மெல்போர்ன் போகிறேன். பிரசவ லேகியம், சுக்கு, நெய், வடகம், குழந்தைக்கு வசம்பு வளையல் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். பிடிப்பார்களா? (வாசகி, பெரம்பூர்)

பதில்: மறைத்தால் பிடிப்பார்கள். ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது நிரப்புகிற அட்டையில் உணவு, விதை, செடி, மரப்பொருள் பற்றிக் கேட்டிருக்கும். எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்று போட்டுவிட்டுப் பெட்டியைத் திறந்து காட்டுங்கள். சொன்னால் வேண்டாததை எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். சொல்லாவிட்டால் அபராதம், விசாவுக்கே ஆபத்து. நெய்யை இங்கேயே வையுங்கள், பால் பொருளில் கெடுபிடி அதிகம், அங்கே நல்ல வெண்ணெய் கிடைக்கும், உருக்கிக்கொள்ளலாம். வசம்பு வளையல் காய்ந்த வேர்தான், ஆனாலும் காட்டுங்கள். லேகியம் வீட்டில் கிண்டியது என்றால் என்னென்ன போட்டிருக்கிறது என்று ஆங்கிலத்தில் ஒரு சீட்டு எழுதி ஒட்டுங்கள். டாக்டர் சீட்டில்லாமல் மாத்திரை வேண்டாம்.

(ஐரோப்பா போகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: கறிவேப்பிலைக் கட்டைப் பெட்டியில் திணிக்காதீர்கள். பச்சைச் செடி, இலை எதுவாக இருந்தாலும் சான்றிதழ் கேட்கிற விதி 2019 டிசம்பரிலிருந்து இருக்கிறது.)

நீங்கள் கேட்காத ஒன்று. மகள் வீட்டுச் சமையலறையில் எந்தச் சாமான் எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும். என் அம்மா 1990-ல் என் பிரசவத்துக்கு மஸ்கட் வந்து, முதல் நாளே என் அஞ்சறைப்பெட்டியை மாற்றி அடுக்கிவிட்டார். கடுகு இருந்த இடத்தில் வெந்தயம். அவர் திரும்பிப்போய் ஒரு மாதம் வரைக்கும் என் ரசத்தில் வெந்தயம் வெடித்தது. அப்போது கோபம் வந்தது. இப்போது அந்தப் பெட்டியை அவர் அடுக்கின மாதிரிதான் வைத்திருக்கிறேன்.

கேள்வி: சிங்கப்பூர் வந்து மூன்று வருஷம். வேளச்சேரி ஃப்ளாட் வாடகை என் பழைய சேமிப்புக் கணக்கிலேயே விழுகிறது. ஒன்றும் ஆகவில்லை. விடலாமா?

பதில்: ஒன்றும் ஆகாதவரைக்கும் ஒன்றும் ஆகாதுதான். வேலைக்காக வெளிநாடு போனவர் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். வாடகை போன்ற உள்ளூர் வருமானம் அதில். அங்கிருந்து அனுப்புகிற சம்பளத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு. அதன் வட்டிக்கு இங்கே வரி கிடையாது. வாடகை விஷயத்தில் குடியிருப்பவரும் மாட்டிக்கொள்வார். வீட்டுச் சொந்தக்காரர் வெளிநாட்டுவாசி என்றால் வாடகை கொடுக்கும்போதே வரி பிடித்துக் கட்டுவது அவர் பொறுப்பு. பாவம், அவருக்குத் தெரிந்திருக்காது. ஆடிட்டரைப் பாருங்கள். என் வீட்டுக்காரர் இதைப் பேசினால் ஒரு மணி நேரம் பேசுவார், நான் இதோடு நிறுத்துகிறேன்.

கேள்வி: அபுதாபியில் பதினாறு வருஷம் இருந்தோம். கணவருக்கு வேலை போய், விசா முடிந்து, மூன்று மாதத்துக்கு முன் மேடவாக்கம் வந்துவிட்டோம். பதினாலு வயது மகள் அவளுடைய மூன்று பெட்டிகளை இன்னும் பிரிக்கவில்லை. “என் வீட்டுக்குப் போகணும்” என்கிறாள். “இதுதாண்டி உன் வீடு, சொந்த வீடு” என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவளுக்காகவே பார்த்துப் பார்த்துக் கட்டின அறை அக்கா, ஊதா வண்ணம், ஜன்னலோர மேசை.

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். அந்த அறையைக் கட்டியது அவளுக்காகத்தான். ஆனால் கட்டும்போது அவள் எங்கே இருந்தாள்? அபுதாபியில் அவளுடைய அறையில். அல்லது ஹாலில் உங்கள் பக்கத்தில் படுத்திருந்தாளோ என்னவோ. நாம் ‘இங்கே தற்காலிகம், அங்கேதான் வீடு’ என்று பதினாறு வருஷம் நினைத்தோம். பிள்ளைக்கு அப்படி ஒரு கணக்கே கிடையாது. தவழ்ந்த தரை எதுவோ அது வீடு.

வளைகுடாவில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இன்னொரு கஷ்டம். நாம் ஊரை விட்டுப் போனபோது ஊர் இங்கேயே இருந்தது, வருஷம் ஒரு தரம் வந்து பார்த்தோம். அவர்கள் ஊரிலோ, அங்கே பிறந்தாலும் அவர்களுக்கு உரிமை கிடையாது. அப்பா வேலை போன அன்றைக்கே போச்சு. சொந்த ஊருக்கு விசிட் விசா எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்றால் யாருக்குத்தான் முகம் திரும்பாது?

என் மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு எங்களோடு வந்தான். இங்கே நங்கநல்லூரில் மேலே விமானம் போகாத மணி நேரம் இல்லை, மீனம்பாக்கம் பக்கத்தில்தானே. ராத்திரியில் சத்தம் கேட்டால் மொட்டைமாடிக்குப் போய் நின்றுகொள்வான். எனக்குப் பயமாக இருக்கும், பின்னாலேயே போவேன். ஒன்றும் பேச மாட்டான். எல்லாரிடமும் “லீவுல ஊருக்குப் போகணும்” என்பான். எதிர்வீட்டு மாமா “எந்த ஊருப்பா, தஞ்சாவூர்ப் பக்கமா?” என்று கேட்டுவிட்டார். பையன் “மஸ்கட்” என்றான். மாமா சிரித்துவிட்டார். அவன் அதற்கப்புறம் அவரிடம் பேசவே இல்லை.

2019-ல் சொந்தச் சம்பளத்தில் டிக்கெட் எடுத்துப் போய்வந்தான். எங்கள் வாடி கபீர் கட்டடத்துக்கு எதிரில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பினான். மூன்றாவது மாடி பால்கனி, யாரோ ஒருவருடைய லுங்கி காய்கிறது. நான் கட்டின அதே பச்சை நைலான் கயிறு. வரும்போது எனக்கு ஓமான் அல்வா, அவனுக்கு ஒரு அட்டைப்பெட்டி நிறைய சிப்ஸ் ஓமான் பாக்கெட். பரோட்டாவில் சீஸ் தடவி, அந்தச் சிப்ஸை நொறுக்கிப் போட்டுச் சுருட்டி, மொட்டைமாடியில் உட்கார்ந்து சாப்பிட்டான். அன்றைக்கு எதிர்வீட்டு மாமாவுக்கும் ஒன்று சுருட்டிக் கொடுத்தான்.

அதனால் “இதுதான் உன் வீடு” என்று இனிமேல் சொல்லாதீர்கள். “நம்ம ஊர்ல இந்நேரம் என்ன பண்ணிட்டிருப்போம்?” என்று அவளிடம் நீங்களே கேளுங்கள். உங்களுக்கும் அது ஊர்தானே, பதினாறு வருஷம்! ஏலக்காய் தட்டிப்போட்டு, டின் பால் ஊற்றி, அங்கே கடையில் குடிப்பீர்களே கடக் டீ, அதை வெள்ளிக்கிழமை சாயங்காலம் போடுங்கள். அவள் கூட்டாளிகளோடு வீடியோவில் பேசுகிற நேரத்தில் கரண்ட், நெட், விருந்தாளி என்று எதையும் குறுக்கே விடாதீர்கள். அந்த ஊதா வண்ணம் யார் தேர்ந்தெடுத்தது என்றும் யோசியுங்கள். பத்து வயதில் அவளுக்கு ஊதா பிடித்திருக்கும், பதினாலில் பிடிக்க வேண்டும் என்று சட்டமில்லை. பெயின்டரைக் கூப்பிட்டு, நிறத்தை அவளிடம் கேளுங்கள். சுவருக்கு அடிக்கும்போது பெட்டியை எப்படியும் நகர்த்தியாக வேண்டும்.

அவள் இல்லாத நேரத்தில் நல்ல எண்ணத்தோடு அந்தப் பெட்டிகளை நீங்கள் பிரித்து அடுக்கிவிட மட்டும் வேண்டாம். நான் அதைச் செய்தேன். அவனுடைய பழைய ஸ்கூல் பெல்ட்டையும் இரண்டு உடைந்த கிரிக்கெட் ஸ்டம்பையும் குப்பை என்று போட்டுவிட்டேன். முப்பத்திரண்டு வயதாகிறது, இன்னும் கேட்கிறான்.

கேள்வி: அடுத்த வாரம் துபாய் போகும் நண்பரிடம் தங்கைக்குக் குருமாவுக்காக கால் கிலோ கசகசா கொடுத்தனுப்பலாமா? (வாசகி, குரோம்பேட்டை)

பதில்: ஐயையோ, வேண்டவே வேண்டாம்! நமக்கு அது மளிகை, அங்கே அது போதைப்பொருள் கணக்கு. ஜெயிலுக்குப் போனவர்கள் உண்டு. அந்த நண்பர் குடும்பஸ்தர்தானே? தங்கையை முந்திரியும் பொட்டுக்கடலையும் அரைத்து ஊற்றச் சொல்லுங்கள்.